மூஸா நபியின் தாயாரும் அச்சத்தின் நடுவே பிள்ளை வளர்ப்போரும்

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்கள் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

  

நம் பிள்ளைகளுக்கு ஏழு வயதாகும் போது தொழுகையைக் கற்றுக் கொடுக்கிறோம். பெரியவர்களைக் கண்டால் ஸலாம் சொல்லப் பழக்குகிறோம். சாலையைக் கடக்கும் போது இரு பக்கமும் பார்க்கச் சொல்கிறோம். அமெரிக்காவில் வாழும் கறுப்பினக் குடும்பங்களில் இவை போக இன்னொரு பாடமும் உண்டு. மகனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகும் போது தகப்பனார் அவனை அருகில் அமர்த்திக்கொண்டு சொல்லித் தருகிறார். காவலர் உன்னை நிறுத்தினால் ஓடாதே. இரு கைகளையும் அவர் கண்ணில் படும்படி வைத்துக்கொள். கேட்காமல் சட்டைப் பையில் கை விடாதே. குரலை உயர்த்தாதே. உன் மீது தவறு இல்லாவிட்டாலும் வாதாடாதே. எப்படியாவது உயிரோடு வீடு வந்து சேர்.

இதைச் சொல்லித் தரும் தகப்பனார் மருத்துவராக இருக்கலாம், வழக்கறிஞராக இருக்கலாம், ஏன், அவரே காவலராகவும் இருக்கலாம். படிப்போ பணமோ இந்தப் பாடத்திலிருந்து அவருக்கு விலக்களிப்பதில்லை. குற்றம் செய்பவன் காவலரைக் கண்டு அஞ்சுவது இயல்பு. குற்றமே செய்யாத சிறுவனுக்கு அந்த அச்சத்தைப் பெற்றோரே ஊட்ட வேண்டியிருப்பது எத்தகைய வாழ்க்கை என்பதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். அதைவிட முக்கியமாக, அந்த அச்சத்தின் நடுவிலும் ஒரு முஃமின் எப்படி வாழ வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களின் கடமை யாது என்பதையும் நாம் அறிந்தாக வேண்டும்.

நாற்பத்தொரு தோட்டாக்கள்

அமடூ டியாலோ என்ற இளைஞரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டு ஃபுலானி முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிழைப்புக்காக நியூயார்க் வந்து, மன்ஹாட்டன் பகுதியில் நடைபாதையோரம் கையுறைகள், காலுறைகள், ஒளிநாடாக்கள் ஆகியவற்றை விற்று வந்தார். வயது 23.

1999 பிப்ரவரி 4 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், பிராங்க்ஸ் பகுதியில் தாம் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். சீருடை அணியாத நான்கு காவலர்கள் காரில் வந்திறங்கினர். தாங்கள் தேடிக்கொண்டிருந்த ஒரு குற்றவாளியைப் போல் அவர் தென்பட்டதாகப் பின்னர் கூறினர். அமடூ பையிலிருந்து எதையோ எடுத்தார். அதைத் துப்பாக்கி என்று எண்ணிச் சுட்டனர். மொத்தம் 41 தோட்டாக்கள் பாய்ந்தன. அவற்றில் 19 அவர் உடலைத் துளைத்தன. அவர் கையில் இருந்தது துப்பாக்கி அன்று, பணப்பை.

அந்த வழக்கு பிராங்க்ஸிலிருந்து ஆல்பனி நகருக்கு மாற்றப்பட்டது. 2000 பிப்ரவரி 25 அன்று நான்கு காவலர்களும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டனர். 2004 ஆம் ஆண்டு நகர நிர்வாகம் அவர் குடும்பத்திற்கு 30 லட்சம் டாலர் கொடுத்து உரிமையியல் வழக்கை முடித்துக்கொண்டது. ஜனாஸா தாய்மண்ணுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கினியில் அடக்கம் செய்யப்பட்டது.

சகோதரர்களே! நம் ஊர்களிலிருந்தும் எத்தனையோ இளைஞர்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றிருக்கிறார்கள். இரவு வேலை முடித்து அறைக்குத் திரும்புகிறார்கள். வாசலில் ஒருவர் அதட்டினால், அடையாள அட்டையை எடுக்கத்தானே அவர்களுடைய கையும் பைக்குள் போகும்!

அதே பெயர் கொண்ட இன்னொருவர்

இந்த அநீதி 1999 ஆம் ஆண்டில் தொடங்கியதன்று. அதற்கு 268 ஆண்டுகளுக்கு முன், 1731 இல், அதே டியாலோ குலப்பெயர் கொண்ட இன்னொரு ஃபுலானி முஸ்லிம் அதே அமெரிக்க மண்ணில் பிடித்து அடைக்கப்பட்டார். அய்யூப் பின் சுலைமான் டியாலோ என்பது அவர் பெயர். இன்றைய செனகல் நாட்டிலுள்ள புண்டு பகுதியின் மார்க்க அறிஞர் ஒருவரின் மகன். குர்ஆனை மனனம் செய்தவர். காம்பியா ஆற்றங்கரையில் பிடிபட்டு, அடிமையாக விற்கப்பட்டு, மேரிலாந்து மாநிலத்தின் புகையிலைத் தோட்டத்திற்குக் கொண்டு வரப்பட்டார். வேளை தவறாது தொழுவதற்காகக் காட்டுக்குள் ஒதுங்குவார். வெள்ளைச் சிறுவன் ஒருவன் அங்கும் வந்து ஏளனம் செய்து, ஸஜ்தாவில் இருந்தவரின் முகத்தில் மண்ணை வாரி எறிந்தான்.

பொறுக்க இயலாமல் அவர் தப்பி ஓடிய போது சிறையில் அடைக்கப்பட்டார். காரணம் என்ன தெரியுமா? அக்காலச் சட்டப்படி, முன்பின் அறியப்படாத கறுப்பினத்தவர் ஒருவர் எசமானின் அனுமதிச் சீட்டின்றி வெளியே காணப்பட்டால், எவரும் அவரைப் பிடித்துச் சிறையில் ஒப்படைக்கலாம். அதாவது, அவர் தெருவில் இருப்பதே குற்றம். குற்றமில்லை என்பதைக் காட்டும் தாள் அவர் கையில் இருந்தாக வேண்டும். அவர் தந்தைக்கு அரபியில் எழுதிய மடல் லண்டன் வரை சென்று, அதைக் கண்டவர்களின் முயற்சியால் விடுதலை பெற்று 1734 இல் தாயகம் திரும்பினார். அவரைப் போல் திரும்ப வழியில்லாதவர்கள் பல லட்சம் பேர்.

தென் கரோலினாவில் 1704 ஆம் ஆண்டிலேயே அடிமைகளைக் கண்காணிக்கும் ரோந்துப் படைகள் அமைக்கப்பட்டன. இரவில் சாலையில் செல்லும் கறுப்பினத்தவரை நிறுத்தி, சீட்டுக் கேட்டு, இல்லாதவரைச் சவுக்கால் அடிப்பது அவற்றின் பணி. 1865 இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் குற்றத்திற்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்ற விலக்கு அச்சட்டத்திலேயே வைக்கப்பட்டது. விளைவு யாதெனில், கறுப்பினத்தவரைக் குற்றவாளியாகக் காண்பதில் ஆதாயம் தொடர்ந்தது. முதல் டியாலோவிடம் காட்டுவதற்குத் தாள் இல்லை. இரண்டாவது டியாலோ காட்டுவதற்காக எடுத்ததே அவருக்கு எமனாயிற்று.

பணிந்தாலும் தப்ப வழியில்லை

காவலர் சொல்வதைக் கேட்டால் ஒன்றும் நேராதே என்று சிலர் கூறுவர். உண்மை அவ்வாறில்லை.

ஃபிலாண்டோ காஸ்டில் என்பவர் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் பணி செய்தவர். 2016 ஜூலை 6 அன்று காவலர் ஒருவர் அவருடைய காரை நிறுத்தினார். தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காஸ்டில் தாமே பணிவோடு முன்கூட்டித் தெரிவித்தார். அதற்கு உரிமமும் பெற்றிருந்தார். சில நொடிகளில் சுடப்பட்டார். பின் இருக்கையில் 4 வயதுச் சிறுமி அமர்ந்திருந்தாள். அதற்கு முந்தைய 13 ஆண்டுகளில் சிறு சிறு போக்குவரத்துக் காரணங்களுக்காக அவர் 40 முறைக்கு மேல் நிறுத்தப்பட்டிருந்தார். அத்தனை முறையும் பணிந்து பழகியவர் அவர். சுட்ட காவலர் 2017 இல் விடுவிக்கப்பட்டார்.

கிளீவ்லாந்து நகரில் 2014 நவம்பர் 22 அன்று டமிர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பொம்மைத் துப்பாக்கியோடு பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்தான். காவல் வாகனம் வந்து நின்ற இரண்டு நொடிகளுக்குள் சுடப்பட்டான். தந்தை சொல்லித் தந்த பாடத்தை நினைவுகூரக்கூட இரண்டு நொடிகள் போதுமா, சொல்லுங்கள்!

அமெரிக்காவில் கறுப்பின ஆண்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் தம் வாழ்நாளில் காவல் துறையால் கொல்லப்படும் நிலை இருப்பதாக 2019 இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வெள்ளையின ஆண்களைக் காட்டிலும் இது சுமார் இரண்டரை மடங்கு. கொல்லப்படுபவர் ஆயிரத்தில் ஒருவர். அஞ்சி வாழ்பவர்களோ ஆயிரம் பேரும். நியூயார்க் காவலர்கள் 2011 ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 6,85,000 முறை மக்களைத் தெருவில் நிறுத்தினர். நிறுத்தப்பட்டவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஏறக்குறைய பத்தில் ஒன்பது முறை கைது செய்யவோ வழக்குப் போடவோ எதுவும் கிட்டவில்லை. 2013 இல் கூட்டாட்சி நீதிமன்றம் அம்முறை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

சட்டமும் இவ்விடத்தில் ஒரு பக்கமாகவே சாய்கிறது. நீரிழிவு நோயாளியான கறுப்பினத்தவர் ஒருவர், உடலில் சர்க்கரை குறைந்ததால் பழச்சாறு வாங்கக் கடைக்குள் விரைந்து சென்றார். வரிசை நீளமாக இருக்கவே உடனே வெளியே வந்தார். அந்த அவசரமே சந்தேகமாகி, காவலர்கள் அவரைப் பிடித்துக் காயப்படுத்தினர். அவர் தொடுத்த வழக்கில் 1989 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விதியை வகுத்தது. காவலர் பலத்தைப் பயன்படுத்தியது சரியா என்பதை, அவ்விடத்தில் நின்ற நியாயமான ஒரு காவலரின் பார்வையிலிருந்தே அளக்க வேண்டும் என்பது அவ்விதி. அதன் பின் எத்தனையோ வழக்குகளில் ‘நான் அஞ்சினேன்’ என்று காவலர் சொல்வதே அவருக்குக் கேடயமாயிற்று. அங்கு இருவர் அஞ்சி நிற்கின்றனர். துப்பாக்கி வைத்திருப்பவரின் அச்சம் நீதிமன்றத்தில் எடை போடப்படுகிறது. கைகளை உயர்த்தி நிற்பவரின் அச்சத்திற்கு எடையே இல்லை.

இவ்வாறு நாள்தோறும் அஞ்சி வாழ்வது உடலையும் அரிக்கிறது. ஓயாத நெருக்கடியில் வாழ்வோரின் உடல் உரிய வயதுக்கு முன்னரே முதுமையடைகிறது என்பதைப் பொதுச் சுகாதார அறிஞர் ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992 முதல் எடுத்துரைத்து வருகிறார். தோட்டா படாதவர்களும் தப்பிவிடவில்லை.

அச்சம் ஈமானின் குறைவா?

இந்நிலையில் வாழும் ஒரு தாய் அஞ்சுகிறாள். அவளிடம் சென்று ‘தவக்குல் வை, அஞ்சாதே’ என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமா? திருக்குர்ஆனின் 28 ஆவது அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். ஃபிர்அவ்ன் தன் நாட்டு மக்களைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவினரைப் பலவீனப்படுத்தி, அவர்களுடைய ஆண் குழந்தைகளைக் கொன்று வந்தான். அந்த ஆட்சியில் ஒரு தாய் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். அவரே மூஸா (அலை) அவர்களின் தாயார்.

அல்லாஹ் அந்தத் தாயின் அச்சத்தைப் பழித்தானா? இல்லை. குழந்தைக்குப் பாலூட்டுமாறும், அச்சம் மேலிடும் போது ஆற்றில் விடுமாறும் அவருக்கு அறிவித்தான். குழந்தையை மீண்டும் சேர்ப்பிப்பதாக வாக்களித்தான். அதன் பின்னும் அத்தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனதை அல்லாஹ் மறைக்காமல் கூறுகிறான். உண்மையை வெளியிட்டுவிடும் அளவுக்கு அவர் தவித்ததையும், தான் அவ்வுள்ளத்தை உறுதிப்படுத்தியதையும் எடுத்துரைக்கிறான். இறைவனின் வாக்குறுதியைப் பெற்ற தாயே தவித்திருக்க, நம் சகோதரிகளின் தவிப்பை ஈமானின் குறைவு என்று கூற நாம் யார்? மூஸா (அலை) அவர்களும் ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்ட போது, தம்மைக் கொன்றுவிடுவார்களோ என்ற அச்சத்தை இறைவனிடம் மனம் திறந்து சொன்னார்கள்.

அந்த வரலாற்றில் ஒரு குழந்தையின் உயிரைக் காக்க மூன்று பெண்களை அல்லாஹ் நிறுத்தினான். தாய், தமக்கை, ஃபிர்அவ்னின் மனைவி. இம்மூவரிடமும் மூன்று கடமைகள் நமக்கு இருக்கின்றன.

தாய்: காப்பதும் தாழ்த்தாதிருப்பதும்

தாய் செய்தது முன்னெச்சரிக்கை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கறுப்பினத் தகப்பனார் மகனுக்குச் சொல்லித் தருவது அந்தக் கயிறுதான். அதைக் கோழைத்தனம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

ஆனால் இந்தப் பாடத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ‘பணிந்து போ’ என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, தான் பணியப் பிறந்தவன் என்று எண்ணிவிடக்கூடும். எனவே பெற்றோர் இரண்டு பாடங்களைச் சொல்ல வேண்டியவர்களாகின்றனர். ஒன்று உயிருக்கு, மற்றொன்று மானத்திற்கு. ‘மகனே! நீ கைகளை உயர்த்துவது அவர் உன்னைவிட மேலானவர் என்பதனால் அன்று. உன் உயிர் அல்லாஹ் தந்த அமானிதம் என்பதனால் உயர்த்துகிறாய். ஆதமின் மக்கள் அனைவரையும் அல்லாஹ் கண்ணியப்படுத்தியிருக்கிறான். அதைப் பறிக்க எந்தச் சீருடைக்கும் அதிகாரமில்லை’ என்று அடுத்த மூச்சிலேயே சொல்ல வேண்டும்.

பொறுமை என்பது வாய்மூடிக் கிடப்பதும் அன்று. 1957 ஏப்ரலில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தைச் சேர்ந்த ஒருவரைக் காவலர்கள் தலையில் அடித்துப் படுகாயப்படுத்தி நிலையத்தில் அடைத்தனர். மால்கம் எக்ஸ் தம் தோழர்களை அந்த நிலையத்திற்கு வெளியே அணிவகுத்து நிற்க வைத்தார். கல் எறியவில்லை, கூச்சலிடவில்லை. காயப்பட்டவருக்குச் சிகிச்சை கிடைத்த பின், அவர் கை அசைத்ததும் அத்தனை பேரும் அமைதியாகக் கலைந்தனர். வெள்ளையர் அனைவரும் தீயோர் என்று போதித்த அவ்வியக்கத்தில் அன்று அவர் இருந்தார். 1964 இல் ஹஜ்ஜுக்குச் சென்று, எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்டு ஒரே அணியில் தொழுவதைக் கண்ட பின் அக்கொள்கையைக் கைவிட்டார். அநீதிக்கு எதிரான போராட்டத்தை மட்டும் 1965 இல் கொல்லப்படும் வரை அவர் கைவிடவில்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்னும் கருத்தில் குர்ஆன் விடுக்கும் எச்சரிக்கை, அநீதிக்குள்ளானவருக்கும் உரியதே.

தமக்கை: கண்ணை அகற்றாத சாட்சி

தாயார் மகளை அனுப்பினார். அவர் எவரும் அறியாவண்ணம் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டே சென்றார். அவரால் ஃபிர்அவ்னின் படையை எதிர்க்க முடியாது. ஆனால் பார்க்க முடிந்தது. அந்தப் பார்வையே பின்னர் குழந்தை தாயிடம் திரும்ப வழியாயிற்று.

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தின் மீது டெரக் சாவின் என்ற காவலர் 9 நிமிடங்களுக்கு மேல் முழங்காலை ஊன்றியிருந்தார். மூச்சுவிட முடியவில்லை என்று அவர் மீண்டும் மீண்டும் கூறினார். இறந்து போயிருந்த தம் தாயை அழைத்தார். தன் சிற்றுறவுச் சிறுமியைக் கடைக்கு அழைத்து வந்த 17 வயதுப் பெண் ஒருத்தி அங்கு நின்று, கைப்பேசியில் அனைத்தையும் பதிவு செய்தாள். காவல் துறையின் முதல் அறிக்கை, அந்த மனிதர் உடல்நலக் கோளாறால் இறந்தார் என்பது போல் கூறியது. அந்தப் பெண்ணின் பதிவு இல்லாதிருந்தால் அந்த அறிக்கையே வரலாறாகியிருக்கும். 2021 ஏப்ரலில் சாவின் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குள்ளானது என்று குர்ஆன் எச்சரிக்கிறது. வலிமையில்லாதவருக்கும் சாட்சியம் கடமையே என்பதை மூஸா நபியின் தமக்கையாரும் அந்த 17 வயதுப் பெண்ணும் நமக்கு உணர்த்துகின்றனர்.

ஃபிர்அவ்னின் மனைவி: உள்ளிருந்து தடுத்தவர்

மூன்றாமவர் கொடுங்கோலனின் அரண்மனைக்குள்ளேயே இருந்தவர். குழந்தையைக் கொல்ல வேண்டாம் என்று அவர் ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லை வெளியே நின்ற எவரும் சொல்லியிருக்க முடியாது.

சாவினின் வழக்கில் மினியாபொலிஸ் காவல் துறைத் தலைவராக இருந்த மெடாரியா அராடொண்டோ சாட்சிக் கூண்டில் ஏறி, தம் துறையின் விதிகளையும் நெறிகளையும் சாவின் மீறினார் என்று கூறினார். தன் துறையைச் சேர்ந்தவருக்கு எதிராகத் தலைவரே சாட்சி சொல்வது அரிது. நம் பிள்ளைகளும் காவல் துறையில் சேர்கிறார்கள், வழக்கறிஞர்களாகிறார்கள், நீதிபதிகளாகிறார்கள். அவர்கள் அந்த இருக்கைகளில் அமர்வதற்காக துஆ செய்கிறோம். அமர்ந்த பின், கொல்ல வேண்டாம் என்று சொல்லும் நாவு அவர்களுக்கு இருக்க வேண்டும் என்றும் துஆ செய்கிறோமா?

தனியொருவரின் துணிவு மட்டும் போதாது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மினியாபொலிஸ் காவல் துறை அளவுக்கு மீறிய பலத்தையும் இனப் பாகுபாட்டையும் வழக்கமாகக் கொண்டிருந்தது என்று 2023 ஜூனில் அமெரிக்க நீதித் துறையே அறிக்கை அளித்தது. ஃபிளாய்டின் பெயரால் கொண்டு வரப்பட்ட சீர்திருத்தச் சட்ட முன்வரைவு 2021 இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட் சபையைக் கடக்கவில்லை. அந்நகரக் காவல் துறையை நீதிமன்ற மேற்பார்வையில் சீர்திருத்தும் முயற்சியையும் 2025 மே மாதம் நீதித் துறை கைவிட்டது. உலகம் மறந்துவிடும் என்பதே அநீதியின் நம்பிக்கை.

அந்தக் கடை யாருடையது?

ஜார்ஜ் ஃபிளாய்ட் எதற்காகப் பிடிக்கப்பட்டார்? சிகரெட் வாங்கிய போது கள்ளத்தனமான 20 டாலர் நோட்டைக் கொடுத்தார் என்று கடையிலிருந்து காவல் துறைக்குத் தொலைபேசி அழைப்பு சென்றது. அந்தக் கடை பாலஸ்தீனிலிருந்து வந்து குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பத்தினுடையது.

அவர்கள் கொலையை விரும்பியவர்கள் அல்லர். உரிமையாளர் பின்னர் வருத்தத்தை வெளிப்படையாகத் தெரிவித்தார். நோட்டை வாங்கிய 19 வயது ஊழியர், தாம் அதை வாங்க மறுத்திருந்தால் இது நேர்ந்திருக்காதே என்ற வேதனையை நீதிமன்றத்தில் கூறினார். ஆயினும் 20 டாலருக்காகச் சென்ற ஓர் அழைப்பு ஓர் உயிரின் முடிவுக்கு வாயிலாயிற்று. அமெரிக்காவில் கடை வைத்திருக்கும், பணிபுரியும் நம்மவர்கள் இதை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். சிறு இழப்புக்காகத் தொலைபேசியை எடுக்கும் முன், வரப்போகும் துப்பாக்கி யார் பக்கம் திரும்பும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

‘இது கறுப்பினத்தவர் பிரச்சினை, நமக்கென்ன’ என்று எண்ணுவோருக்கும் ஒரு செய்தி. 2015 பிப்ரவரியில் குஜராத்தைச் சேர்ந்த 57 வயது முதியவர் அலபாமா மாநிலத்தில் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். தெருவில் காலாற நடந்துகொண்டிருந்தார். கறுப்பின ஆள் ஒருவர் ஐயத்திற்கிடமாக நடமாடுவதாக அண்டை வீட்டார் ஒருவர் அழைத்துச் சொன்னார். ஆங்கிலம் அறியாத அம்முதியவரைக் காவலர் தரையில் வீழ்த்தியதில் அவர் பக்கவாதம் போன்ற முடக்கத்திற்குள்ளானார். வழக்கில் அந்தக் காவலர் விடுவிக்கப்பட்டார். அதேபோல் 2001 செப்டம்பர் நிகழ்வுக்குப் பின் நியூயார்க் காவல் துறை பள்ளிவாசல்களையும், முஸ்லிம்களின் உணவகங்களையும், மாணவர் சங்கங்களையும் உளவு பார்த்தது 2011 இல் அம்பலமாயிற்று. அதற்கென அமைத்த பிரிவு குற்றத் துப்பு ஒன்றையும் தரவில்லை என்று உயரதிகாரியே 2012 இல் வாக்குமூலம் அளித்தார். 2014 இல் அது கலைக்கப்பட்டது. ஒரு சமுதாயத்தைச் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிய கண், நாளை இன்னொரு சமுதாயத்தின் பக்கம் திரும்பாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நம் வீட்டுக்குள் இருக்கும் நிறம்

காவல் நிலையத்தின் அச்சம் நம் நாட்டாருக்கும் புதியதன்று. ஃபிளாய்ட் கொல்லப்பட்ட ஒரு மாதத்திற்குள், 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்குள்ளாகி உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அவர்களுக்காகக் கண்ணீர் வடித்தோம். ஆனால் நிறத்தைப் பற்றிப் பேசும் போது நம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அய்யூப் டியாலோவைப் பற்றிச் சொன்னேன். முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவர் பிடிபட்ட பயணத்தில், தந்தையின் சார்பில் அடிமைகளை விற்கச் சென்றவர்தாம். அநீதி அடுத்தவருக்கு நிகழும் போது அதன் கசப்பு நமக்குத் தெரிவதில்லை.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திய போது, அறியாமைக் காலத்தின் குணம் அவரிடம் இன்னும் எஞ்சியிருப்பதை நபி (ஸல்) அவர்கள் முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டினார்கள். அபூதர் சாதாரண மனிதரல்லர், முன்னோடித் தோழர். அவரிடமே எஞ்சியிருந்தது என்றால் நம்மிடம் இருக்காதா? அவர் என்ன செய்தார் என்பதே நமக்குப் படிப்பினை. அதன் பின் தாம் அணியும் ஆடையைப் போன்றதையே தம் பணியாளருக்கும் அணிவித்தார். வருத்தத்தைச் சொல்லோடு நிறுத்தாமல் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார்.

பெண் பார்க்கச் செல்லும் போது ‘நிறம் சற்றுக் கம்மி’ என்று பெண்ணின் உம்மா காதில் விழும்படிச் சொல்வது எங்கிருந்து வந்தது? பிறந்த குழந்தையைப் பார்த்ததும் முதலில் நிறத்தை விசாரிப்பது எதனால்? நம் ஊர்க் கல்லூரிகளில் பயிலும் ஆப்பிரிக்க மாணவர் ஜுமுஆவில் நம் பக்கத்தில் நின்றால், தொழுகை முடிந்ததும் ஸலாம் சொல்கிறோமா, விலகிச் செல்கிறோமா? பிலால் (ரலி) அவர்களின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். அவர்களுடைய நிறத்தை மட்டும் வேண்டாம் என்கிறோம். ஹஜ்ஜதுல் விதா உரையில் வெள்ளையருக்குக் கறுப்பரைவிடவோ, கறுப்பருக்கு வெள்ளையரைவிடவோ இறையச்சத்தைக் கொண்டன்றி எந்த மேன்மையும் இல்லை என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் பறைசாற்றியது நமக்கும்தான்.

அன்பிற்குரியவர்களே! அமடூ டியாலோவின் தாயார் மகனை இழந்த பின் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. மகன் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாணவர்களின் கல்விக்கு உதவி வருகிறார். மகன் சுடப்பட்ட தெருவின் ஒரு பகுதி இன்று அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூஸா நபியின் தாயாருக்கு மகன் திரும்பக் கிடைத்தான், இத்தாய்க்குக் கிடைக்கவில்லை. இவ்வுலகில் எல்லாத் தாய்மாருக்கும் பிள்ளை திரும்பி வருவதில்லை. அதனால்தான் மறுமை இருக்கிறது. அங்கு தோட்டாக்களின் எண்ணிக்கையும், சுட்டவர் கூறிய சாக்கும், பார்த்தும் பேசாதிருந்தவரின் மௌனமும் எடை போடப்படும்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளைகளை அருகில் அமர்த்தி இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். எந்த மனிதரையும் அவருடைய தோலைப் பார்த்து ஐயுறக் கூடாது என்று சொல்லுங்கள். அநீதியைக் கண்டால் கண்ணை அகற்றாதே என்று சொல்லுங்கள்.

இறைவா! அஞ்சி வாழும் தாய்மாரின் உள்ளங்களை, மூஸா நபியின் தாயாருடைய உள்ளத்தை உறுதிப்படுத்தியதைப் போல் உறுதிப்படுத்துவாயாக! அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதலையும் நீதியையும் வழங்குவாயாக! அதிகாரத்தில் அமரும் எங்கள் பிள்ளைகளுக்கு நீதி பேசும் நாவைத் தருவாயாக! எங்கள் உள்ளங்களில் ஒளிந்திருக்கும் நிறப் பெருமையை அகற்றுவாயாக! ஆமீன்.